இடுப்புக்கும் இலக்கணம் உண்டு

'பெல்லி டான்ஸ்' என்ற பெயரை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஓர் ஆட்டத்துக்கு உடம்பின் ஓர் உறுப்பைச் சொல்லிப் பெயர் வைத்தால், ஆடினவளைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரிவதில்லை; பார்த்தவனின் கண் எங்கே இருந்தது என்பதுதான் தெரிகிறது. நம்முடைய பரதநாட்டியத்தை எவனாவது ஓர் அந்நியன் 'முழங்கால் நடனம்' என்று அழைத்திருந்தால் நம் சபாக்கள் சும்மா இருந்திருக்குமா?

எகிப்து தேசத்து மக்கள் அதை 'ரக்ஸ் ஷர்க்கி' என்கிறார்கள். கீழ்த்திசை நடனம் என்று அர்த்தம். மேடைக்கு வராமல் கல்யாண வீடுகளிலும் தெருக்களிலும் ஆடப்படும் அதன் மூத்த சகோதரிக்கு 'ரக்ஸ் பலதி', அதாவது நாட்டுப்புறத்து ஆட்டம் என்று பெயர். இரண்டிலும் வயிறு என்ற சொல் இல்லை. வயிற்றைச் சேர்த்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1889-ல் பாரிஸில் நடந்த பெரிய பொருட்காட்சியில் 'கெய்ரோத் தெரு' என்று ஒரு செயற்கைத் தெருவை அமைத்து, அங்கே வட ஆப்பிரிக்கப் பெண்களை ஆட வைத்தார்கள். நாலு வருஷம் கழித்து, 1893-ல், சிகாகோப் பொருட்காட்சியிலும் அதே மாதிரி ஒரு கெய்ரோத் தெரு எழுந்தது. அந்தக் கேளிக்கைப் பகுதியின் நிர்வாகி ஸோல் புளூம் என்ற இளைஞர். பிரெஞ்சுப் பெயரை இங்கிலீஷில் சொன்னால் டிக்கெட் விற்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, விற்றது. (விவேகானந்தர் பேசிய சர்வமத மகாசபையும் அதே பொருட்காட்சியை ஒட்டி, அதே வருஷம், அதே ஊரில்தான் நடந்தது. கீழ்த்திசை அந்த வருஷம் சிகாகோவுக்கு இரண்டு வேஷத்தில் போயிருந்தது என்று சொல்லலாம்.)

இதையெல்லாம் எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். மார்கழி தொடங்கி மாசி வரை, வாரத்துக்கு இரண்டு நாள், இந்த நடனத்தை மாணவியாக இருந்து பயின்றேன் என்பது ஒன்றுதான் யோக்கியதை. திருவண்ணாமலையில் குளிர் காலம் வந்தால் செங்கம் சாலைப் பக்கம் வேறு ஊர் மாதிரி ஆகிவிடும். ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வெள்ளைக்காரர்கள் வீடு பிடித்து இரண்டு மூன்று மாதம் தங்குவார்கள். அவர்களில் சிலர் தங்களுக்குத் தெரிந்ததைப் பிறருக்குக் கற்றுக் கொடுப்பார்கள். யோகம், வீணை, களிமண் பாண்டம், மௌனம்கூட. அப்படி வந்த ஓர் ஐரோப்பியப் பெண்மணி ஒரு வீட்டின் மொட்டைமாடியில், பெண்களுக்கு மட்டும் என்று இந்த வகுப்பை நடத்தினாள். எட்டுப் பேர் சேர்ந்தோம். உள்ளூர்க்காரி நான் ஒருத்திதான்.

எதிர் வீட்டு மாமி என்னைத் தெருவிலேயே நிறுத்திக் கேட்டாள்: "ஏண்டி, பிள்ளை காலேஜுக்குப் போறான். இந்த வயசிலே உனக்கு எதுக்கு இடுப்பை வளைக்கிற வேலை?"

"வளையறதா இல்லையான்னு பார்க்கத்தான் மாமி" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மாமியின் கேள்வியை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். அதில் வயசு ஒரு பாதி. மற்றொரு பாதி இடுப்பு. நாற்பதைத் தாண்டினவள் வீணை கற்றுக்கொண்டால் ஊர் பாராட்டும். பரதநாட்டியம் என்றால் கொஞ்சம் புருவத்தை உயர்த்திவிட்டு, 'உடம்புக்கு நல்லதுதான்' என்று சமாதானம் செய்துகொள்ளும். இடுப்பு என்றால்தான் குரல் இறங்குகிறது. இந்தக் குரல் இறக்கம் எப்போது, யாரால் நமக்குப் பழக்கமாயிற்று என்பதுதான் என் விசாரணை.

முதலில் வகுப்பைச் சொல்லிவிடுகிறேன். பாதங்களை இணையாக வைத்து, முழங்காலைத் தளர்த்தி, மார்பை லேசாக உயர்த்தி நிற்கச் சொன்னாள். அப்புறம் ஓர் இடுப்பெலும்பை மட்டும் மேலே தூக்கி, 'விடு' என்றாள். தூக்குவது சுலபம், விடுவதுதான் வித்தை. நம்மைப் போன்றவர்கள் விடுவதற்குப் பதில் கீழே தள்ளுகிறோம். தள்ளும்போது தோள் கூடவே வருகிறது, தோளோடு தாடை இறுகுகிறது, தாடையோடு மூச்சு நின்றுவிடுகிறது. முதல் இரண்டு வாரம் அவள் எங்களுக்குச் சொன்னதெல்லாம் 'மூச்சு விடுங்கள்' என்பதுதான். 'ஷிம்மி' என்று ஒரு நடுக்கம் இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு இடுப்பு நடுங்குகிற மாதிரி தோன்றும். உண்மையில் அங்கே இடுப்பு ஒன்றும் செய்வதில்லை. இரண்டு முழங்கால்களும் மாறி மாறி மடங்கி நிமிர்கின்றன. இடுப்பு அதன் விளைவு. இடுப்பை ஆட்ட முயல்கிறவளுக்கு ஷிம்மி வரவே வராது. பிறகு எட்டுப் போடுவது. ஆர்.டி.ஓ. மைதானத்தில் ஸ்கூட்டருக்கு எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினவள் நான். அதே எட்டை நின்ற இடத்தில் இடுப்பால் போட ஒரு மாதம் பிடித்தது.

எங்கள் இடுப்பில் நாணயங்கள் கோத்த ஒரு துணியைக் கட்டியிருந்தார்கள். அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்த அந்தத் துணிதான் எங்களுக்கு உபாத்தியாயர் என்று மூன்றாவது வாரத்தில் புரிந்தது. அடி தவறினால் நாணயம் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு நடனத்தில் சலங்கை எங்கே கட்டப்படுகிறதோ, அங்கேதான் அதன் கணக்கு இருக்கிறது. பரதநாட்டியக்காரி காலில் கட்டுகிறாள். தரையைத் தட்டி அவள் கணக்குச் சொல்கிறாள். அரைமண்டியில் இடுப்பு தராசின் முள் மாதிரி நடுவில் அசையாமல் நிற்க, கால் கீழே பேசுகிறது, கையும் கண்ணும் மேலே பேசுகின்றன. கெய்ரோக்காரியின் பாதம் பூனைப் பாதம், சத்தமே இல்லை. அவள் கணக்கெல்லாம் இடுப்பில். தர்பூக்கா என்ற அவர்கள் மேளத்துக்கும் நம் நட்டுவனார் மாதிரி சொற்கட்டு இருக்கிறது. டும் என்றால் தோலின் நடு, தக் என்றால் விளிம்பு. மக்ஸூம் என்ற தாளம் எட்டு எண்ணிக்கையில் 'டும் தக் — தக் டும் — தக் —' என்று ஓடும். தட்டுக்கழியின் ஓசை கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாகவே இல்லை.

வகுப்பில் எனக்குப் பிடிக்காத அம்சமும் ஒன்று உண்டு. ஆரம்பத்திலும் முடிவிலும் அந்தப் பெண்மணி எங்களைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளே உறங்கும் தேவி விழிக்கிறாள், ஐயாயிரம் வருஷத்து ஸ்திரீ சக்தி எழுகிறது என்றெல்லாம் பேசுவாள். எனக்கு விழித்ததெல்லாம் இடது தொடையில் இத்தனை காலம் வேலை செய்யாமல் கிடந்த ஒரு தசைதான். ஐயாயிரம் வருஷக் கதையும் அப்படியே. நாம் இன்று மேடையில் பார்க்கும் ரக்ஸ் ஷர்க்கியின் உருவம் 1926-ல் கெய்ரோவில் ஒரு நாடகக் கொட்டகை திறந்த பதியா மஸாப்னி என்ற கெட்டிக்காரப் பெண்மணியின் காலத்தில் அமைந்தது. அதற்கு முன் ஓரடி இடத்தில் நின்று ஆடினதை அவள் மேடை முழுவதும் பரவவிட்டாள், கைகளை விரித்தாள், வாத்திய கோஷ்டியைப் பெருக்கினாள். தஹியா கரியோக்கா, ஸாமியா கமால் இருவரும் அவள் பட்டறையில் தயாரானவர்கள். ஒரு கலை நூறு வருஷத்துக்குள் புது உடை போட்டுக்கொண்டதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. அதற்கு ஐயாயிரம் வருஷத்துப் பிறப்புச் சான்றிதழ் தேடுவதுதான் வேடிக்கை. அந்த வியாதி நமக்கும் இருப்பதால் மேலே சொல்லாமல் விடுகிறேன்.

ஆனால் இன்னொரு ஒற்றுமை வேடிக்கையானதல்ல. 1834-ல் எகிப்தை ஆண்ட முகம்மது அலி, பொது இடங்களில் ஆடும் பெண்கள் கெய்ரோவில் இருக்கக்கூடாது என்று உத்தரவிட்டு, அவர்களை நைல் நதியின் மேற்புறத்து ஊர்களுக்கு விரட்டினார். எஸ்னா என்ற ஊரில் போய் ஒண்டிக்கொண்டவர்களைத் தேடிப் படகேறிப் போன ஐரோப்பிய யாத்திரிகர்களுக்குக் குறைவில்லை. ஒழுக்கத்தின் பெயரால் ஆட்டக்காரியின் பிழைப்பு போயிற்று. பார்க்கிறவனின் ஆசை ஓர் அணாக்கூடக் குறையவில்லை.

நம் ஊர்க் கதை இத்தனை முரடானதல்ல, இத்தனை எளிதானதுமல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை எதிர்த்தது அறியாச் சிறுமிகளைப் பொட்டுக் கட்டி விடுவதை நிறுத்துவதற்காக. அவருடைய தாயாரே அந்தக் குலத்தில் பிறந்தவர். அவர் அறிந்த வேதனை நமக்குத் தெரியாது. 1947-ல் சட்டம் வந்தது, வரத்தான் வேண்டும். அதே காலத்தில் ஈ. கிருஷ்ணய்யர் சதிரைக் காப்பாற்றப் பெண் வேஷம் கட்டித் தாமே ஆடிக் காட்டினார். 1931-ல் மியூஸிக் அகாடமி மேடையில் கல்யாணியின் பெண்கள் இருவர் ஆடினார்கள். 1935-ல் ஸ்ரீமதி ருக்மிணி தேவி அடையாற்றில் அரங்கேறினார். இந்தச் சம்பவங்களின் வரிசையை எல்லோரும் அறிவார்கள். ருக்மிணி தேவி கற்கத் தொடங்கியபோது குழந்தை அல்ல என்பதை மட்டும் அவ்வளவாக யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 1904-ல் பிறந்தவர். அன்னா பாவ்லோவாவின் நட்பினால் முதலில் பாலே பயின்று, உன் நாட்டு நடனத்தைத் தேடு என்று அவரே தூண்ட, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேரும்போது முப்பதை ஒட்டிய வயசு. சிலப்பதிகாரத்து மாதவி ஐந்து வயசில் தொடங்கி ஏழாண்டு பயின்றவள். பாலசரஸ்வதி ஏழு வயசில், 1925-ல், காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர்.

இந்த வித்தியாசம் முக்கியம் என்பது என் கட்சி. குழந்தையாக இருந்து கற்றவளுக்கு உடம்பு என்பது பாஷை. அதில் எந்த வார்த்தையும் கெட்ட வார்த்தை இல்லை. வளர்ந்த பிறகு கற்கிறவள், சமூகம் தன் உடம்பில் எந்தெந்த இடத்தில் வேலி போட்டிருக்கிறது என்பதை நன்றாக அறிந்துகொண்டுதான் சலங்கை கட்டுகிறாள். வேலியைத் தாண்டலாம், வேலிக்கு உள்ளேயே அழகான தோட்டம் போடலாம். ருக்மிணி தேவி இரண்டாவதைச் செய்தார்; மிக அழகான தோட்டம். உடையைத் திருத்தினார், சில சிருங்காரப் பதங்களை ஒதுக்கினார், கோடுகளை நேராக்கினார். அவர் இல்லாவிட்டால் நம் வீட்டுப் பெண்கள் ஆடியிருக்கவே மாட்டார்கள். பாலசரஸ்வதியோ சிருங்காரம்தான் இந்தக் கலையின் உயிர், அதைக் கழுவ வேண்டிய அவசியமே இல்லை என்று கடைசிவரை வாதாடினார். 1975-ல் தமிழிசைச் சங்க மேடையிலும் அதையே சொன்னார். ரசிகர்கள் அவரைப் போற்றினார்கள். பெண்களை மற்றவரின் வழிக்கு அனுப்பினார்கள்.

மொட்டைமாடியில் எட்டுப் போட்டுவிட்டு வந்த ஒரு நாள் நாட்டிய சாஸ்திரத்தை எடுத்துப் புரட்டினேன். பரதர் இடுப்புக்கு ஐந்து அசைவு சொல்லியிருக்கிறார். சின்னம், நிவ்ருத்தம், ரேசிதம், கம்பிதம், உத்வாஹிதம். நடுவைத் திருப்புவது ஒன்று. திரும்பி நின்று முன்னோக்கி வருவது ஒன்று. எல்லாப் பக்கமும் சுழற்றுவது ஒன்று. சாய்வாக மேலும் கீழும் விரைந்து அசைப்பது ஒன்று. பக்கங்களை மெல்ல உயர்த்துவது ஒன்று. இந்த ஐந்துக்கும் நான் அதற்குள் வேறு பெயர்களில் வியர்வை சிந்தியிருந்தேன். உத்வாஹிதம் யாருக்கு என்றால், பெண்களின் நடைக்கும் பருத்த சரீரம் உடையவர்களின் நடைக்குமாம். இரண்டு வகையிலும் நான் தகுதி உடையவள். வயிற்றையும் அவர் விடவில்லை. மெலிந்தது, குழிந்தது, நிறைந்தது என்று மூன்று. மோகத்துக்காக அல்ல, சிரிப்பு, அழுகை, பசி, தவம், நோய், மிதமிஞ்சிய சாப்பாடு இவற்றைக் காட்டுவதற்காக! வயிற்றைப் பார்த்ததும் பசியும் தவமும் பரதருக்கு நினைவு வந்தன. ஸோல் புளூமுக்கு டிக்கெட் நினைவு வந்தது.

இன்று நாட்டியப் பள்ளிகளில் குழந்தைகள் மனப்பாடம் செய்வது பெரும்பாலும் அபிநய தர்ப்பணம். அதில் தலைக்கு இத்தனை, கண்ணுக்கு இத்தனை, கழுத்துக்கு நாலு, கைக்கு ஏராளம் என்று விவரம் வருகிறது. இடுப்பை அங்கங்களின் பட்டியலிலும் வயிற்றைப் பிரத்தியங்கங்களின் பட்டியலிலும் சேர்த்ததோடு சரி. அவை என்ன செய்யும் என்று ஒரு சொல் இல்லை. குடும்ப அட்டையில் பெயர் இருக்கிறது, பங்கு அரிசிதான் இல்லை.

ஏட்டில் இருப்பதை விடுங்கள், கல்லைப் பாருங்கள். அதற்கு எங்கள் ஊரைவிடத் தோதான இடம் சிலவே. நாட்டிய சாஸ்திரத்தின் கரணங்களை வரிசையாகச் செதுக்கிய கோயில்கள் தமிழ்நாட்டில் ஒரு கை விரலுக்குள் அடங்கும். தஞ்சைப் பெரிய கோயிலில் சிவனே ஆடுகிறான். நூற்றெட்டில் எண்பத்தொன்றுதான் முடிந்திருக்கின்றன. மீதிக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. அந்தக் கோயிலுக்கு ராஜராஜன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றி, பங்குக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் அளந்தான் என்று கல்வெட்டு இருக்கிறது. ஆனால் சுவரில் ஆடுவது கடவுள்தான். சிதம்பரத்திலும் திருவண்ணாமலையிலும் கோபுர வாயிலில் பெண்கள் ஆடுகிறார்கள். எங்கள் ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை சேவப்ப நாயக்கர் முடித்தது. பதினொரு நிலை, 217 அடி. அண்ணாந்து உயரத்தை அளக்கிற அவசரத்தில், கண்ணுக்கு நேரே வாயிலின் உள்சுவரில் ஆடுகிறவளை நாம் பார்ப்பதில்லை. போய்ப் பாருங்கள். இடுப்பு ஒரு பக்கம், மார்பு ஒரு பக்கம், தலை வேறொரு பக்கம் என்று ஒரே உடம்பில் மூன்று திசை. அரைமண்டியின் தராசு முள்ளை அங்கே நான் காணவில்லை. கரணம் என்பது நிலை அல்ல, அசைவு. சிற்பி அதன் ஒரு கணத்தைத்தான் பிடித்திருக்கிறான் என்று பத்மா சுப்ரமண்யம் பல்லாண்டு ஆராய்ந்து சொன்னார். மொட்டைமாடி வகுப்புக்குப் பிறகு அந்த வாயிலில் நின்றபோது, ஒருத்தியின் இடுப்பு இப்போதுதான் தூக்கப்பட்டது, அடுத்த கணம் விடப்படும் என்று எனக்குத் தெரிந்தது. 'நகரும்மா, நகரு' என்று காவலர் விரட்டினார்.

இதே கோயிலோடு சம்பந்தப்பட்டது அருணகிரிநாதர் கதை. இளமையில் பரத்தையர் வீட்டில் சொத்தையும் உடம்பையும் தொலைத்து, கோபுரத்திலிருந்து குதித்தவரை முருகன் தாங்கினான் என்கிறார்கள். திருப்புகழின் சந்தத்தைவிட நடனமாடுகிற தமிழ் எங்கே இருக்கிறது! ஆனால் பாட்டுக்குப் பாட்டு முன்பாதியில் பொதுமகளிரின் அங்க வர்ணனை, பின்பாதியில் அதிலிருந்து மீட்க வேண்டும் என்ற கூக்குரல். அந்தப் பெண்ணுக்கு ஒரு வித்தை இருந்தது, அதற்காக அவள் காலையில் எழுந்து சாதகம் செய்தாள் என்ற நினைப்பு அங்கே இல்லை. பக்தரிடம் அதைக் கேட்பதும் நியாயமில்லை. நாவலாசிரியர்களிடம் கேட்கலாம். கல்கியின் சிவகாமி முதல் தொடர்கதைகளில் எத்தனையோ நாட்டியக்காரிகளைப் படித்திருக்கிறோம். கண் பேசுகிறது, சலங்கை கொஞ்சுகிறது, கதாநாயகன் கல்லாகிறான். அவளுக்கு முழங்கால் வலித்ததாக நான் படித்தது மிக அரிது.

சினிமாவோ ஸோல் புளூமின் நேர் வாரிசு. 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்த அலிபாபா படத்தில் ஸாமியா கமால் ஆடினார். 1956-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்தது. தமிழின் முதல் வண்ணப் படம். வஹீதா ரஹ்மான் அதில் ஆடினார், நன்றாகவே ஆடினார். ஆனால் பாக்தாத் என்று சொல்லிவிட்டால் இடுப்பு அசையலாம், பத்தினி வீட்டுக்குள் அசையக்கூடாது என்ற ஒப்பந்தம் அப்போதே நமக்கும் சினிமாவுக்கும் ஏற்பட்டுவிட்டது. அதற்குப் பின் வந்த படங்களில் கொள்ளைக்காரன் குகை, கள்ளக்கடத்தல்காரன் ஹோட்டல் என்று இடம் மாறினதே தவிர ஒப்பந்தம் மாறவில்லை.

இதில் எனக்கு உண்மையான கோபம் எங்கே வருகிறது என்றால், கரகாட்டத்தில். எகிப்தியக் கல்யாணங்களில் ஆட்டக்காரி எரிகிற மெழுகுவர்த்திகளோடு ஒரு பெரிய விளக்குத் தண்டைத் தலையில் வைத்து ஆடுவது உண்டு. மேலே சுடர் அணையாது. கீழே இடுப்பு ஓயாது. இதைப் படத்தில் காட்டி, எங்கள் ஆசிரியை, 'உடம்பைப் பாகம் பாகமாகப் பிரித்து ஆளும் கலையின் சிகரம்' என்றாள். மற்ற ஏழு பேரும் வாயைப் பிளந்தார்கள். எங்கள் மாவட்டத்துக் கிராமங்களில், நையாண்டி மேளத்துக்கு, அடுக்கின கரகத்தின் உச்சியில் கிளி அசையாமல் உட்கார்ந்திருக்க, கீழே அதே இடுப்பு அதே கணக்கில் ஆடுகிறது. அதற்கு இங்கே என்ன பெயர்? ஆபாசம். 'ஆபாசம் கூடாது' என்று நிபந்தனை போட்டு எழுதிக் கொடுத்த அனுமதிக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டுதான் அந்தப் பெண் ஆட வேண்டியிருக்கிறது. செங்கம் சாலையில் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுத்து நாங்கள் அதையே ஆடினால் ஆன்ம விழிப்பு.

கரகக்காரிகளின் ஆட்டத்தில் கொச்சையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறது, இரட்டை அர்த்தப் பேச்சு சகிக்காத அளவுக்கு இருக்கிறது. விடிய விடிய ஆடச் சொல்லி, ரூபாய் நோட்டை நீட்டுகிற கையில் ஏறி நிற்கிற கொச்சை அது. நல்ல சபையையும் நல்ல கூலியையும் கொடுத்துவிட்டு அப்புறம் விமரிசனம் செய்யலாம். பரதநாட்டியத்துக்கு அந்தச் சலுகை கிடைத்தது.

மாசிக் கடைசியில் ஆசிரியை ஊருக்குத் திரும்பிவிட்டாள். பக்கத்துக் கிராமத்தில் இருபது வருஷம் கரகம் ஆடி, இப்போது முட்டி தேய்ந்து காய்கறி விற்கும் ஒரு பெண்மணி எங்கள் தெருவுக்கு வருவது வழக்கம். ஒரு நாள் அவளை உள்ளே அழைத்து, நான் கற்ற ஷிம்மியை ஆடிக் காட்டினேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, என் இடுப்பைப் பார்க்காமல் கழுத்தைப் பார்த்தாள்.

"கால் சரியாத்தான் இருக்குதும்மா. கழுத்துதான் கூட ஆடுது. எங்கப்பா எனக்குச் சொம்புல தண்ணி ரொப்பித் தலையில வெச்சித்தான் பழக்கினாரு. ஒரு சொட்டு முதுகுல வழிஞ்சா மறுபடி மொதல்லேர்ந்து. ஒரு சொம்பு எடுத்தாங்க" என்றாள்.